'தக்' சொல்லப் பழகுங்கள்: நோர்வேக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நோர்வேயில் முதல் நாளே காதில் விழும் சொல் 'தக்'. நன்றி என்று பொருள். மனம் நிறைந்து சொல்ல 'தூசன் தக்', ஆயிரம் நன்றி. 'தயவுசெய்து' என்பதற்கு நேரான ஒற்றைச் சொல் இங்கே கிடையாது. ஆகவே கடையில் எதைக் கேட்டாலும் கூடவே ஒரு 'தக்' சேர்த்துவிடுங்கள்.

ஒருவர் வீட்டில் கோப்பி வேண்டுமா என்று கேட்டால், நாங்கள் முதலில் வேண்டாம் என்போம், அவர்கள் வற்புறுத்துவார்கள் என்று. இங்கே 'நை தக்' என்றால் பெரும்பாலும் அதோடு விட்டுவிடுவார்கள். வேண்டுமென்றால் உடனே 'யா தக்'.

சாப்பிட்டு எழும்பும்போது 'தக் ஃபொர் மாத்தன்', சாப்பாட்டுக்கு நன்றி. சமைத்தவர் 'வெல் பெகொம்ம' என்பார். பிள்ளைகள் பெற்ற தாய்க்கும் இதைச் சொல்வார்கள். வீட்டுக்குள் நன்றி சொல்வது நமக்கு அந்நியமாகத்தான் படும். என் மகள் முதல்முறை சொன்னபோது நானும் திகைத்தேன். இப்போது அதைக் கேட்காவிட்டால் சமைத்த நிறைவே வருவதில்லை.

புதிதாக வந்தவர்கள் அதிகம் தவறவிடுவது 'தக் ஃபொர் சிஸ்த்'. கடந்த முறைக்கு நன்றி. ஒருவர் வீட்டு விருந்துக்குப் போய் வந்தீர்கள்; சில வாரம் கழித்து அவரைத் தெருவில் காண்கிறீர்கள். வணக்கம் சொன்ன கையோடு இதைச் சொல்லுங்கள். 'ஈ லீக்க மோத்த', உங்களுக்கும் அப்படியே, என்று அவர் முகம் மலரும். அன்று வாசலில் நன்றி சொல்லியிருந்தாலும் இதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அந்த நாளை நினைவில் வைத்திருக்கிறேன் என்பதற்கான சொல்.

சொல்லின் வேரிலும் அந்த நினைவு உண்டு. நோர்வே மொழிக்கு மூதாதையான பழைய நோர்ஸ் மொழியின் 'தொக்' என்பதிலிருந்து வந்தது 'தக்'. ஜெர்மனின் 'டாங்க', ஆங்கிலத்தின் 'தாங்க்ஸ்' எல்லாம் ஒரே குடும்பம். நினைத்தலைக் குறிக்கும் ஆங்கிலத் 'திங்க்' என்பதும் அதற்கு உறவு. நம் பழந்தமிழிலும் நன்றி என்றால் செய்த நன்மைதான். அதை மறக்காதிருப்பதைச் செய்ந்நன்றி அறிதல் என்றார்கள். எனக்கு இந்த மொழி நெருக்கமானது இதை அறிந்த பிறகுதான்.

சுவீடன், டென்மார்க், ஐஸ்லாந்து எங்கும் இதே 'தக்' செல்லும். பின்லாந்தில் மட்டும் 'கீட்டோஸ்'. அது வேறு மொழிக் குடும்பம்.

இங்குள்ள மயானத்துக்குப் போனால் பல கல்லறைகளில் மூன்று சொற்கள் பொறித்திருப்பதைக் காண்பீர்கள்: 'தக் ஃபொர் அல்த்'. எல்லாவற்றுக்கும் நன்றி.