பிஸ்டல் சுட்டால் மணிக்கட்டு வலிக்கிறதா? புதியவர்களுக்கான செய்முறை

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்க இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஞாயிறுதோறும் அவற்றை மோட்டார் சைக்கிளில் கடந்துதான் சுடுதளத்துக்குப் போவேன். காற்றழுத்தத்தால் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலிலிருந்து, வெடிமருந்துத் தோட்டா சுடும் 25 மீட்டர் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குலம்) பிஸ்டலுக்கு மாறிய மூன்றாவது வாரம், தண்ணீர்க் குடத்தைத் தூக்கக்கூட வலது கை மறுத்துவிட்டது. சுட்டதும் துப்பாக்கி கையைப் பின்னால் தள்ளும் உதைதான் காரணம் என்று நானே தீர்ப்பு எழுதி, மருந்துக்கடையில் மணிக்கட்டுப் பட்டை ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"கழற்று தம்பி. போட்டியில் இதோடு உள்ளேயே விட மாட்டார்கள்" என்றார் பயிற்சியாளர்.

விதி அப்படித்தான் இருக்கிறது. பிஸ்டல் பிடிக்கும் கையில் தாங்கல் தரக்கூடிய பட்டை, கைக்கடிகாரம் எதுவும் கூடாது. மணிக்கட்டு தாங்கலின்றித் தனித்துத் தெரிய வேண்டும். செவ்வாய்ப்பேட்டையில் ஆசையாக வாங்கிய வெள்ளிக் காப்பையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் சுட வேண்டும். ஆகவே வெளியிலிருந்து முட்டுக் கொடுக்க வழியில்லை. நான் கற்றுக்கொண்டதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன். வலக்கைக்காரர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். இடக்கைக்காரர்கள் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. பாயிண்ட் டூ டூ தோட்டாவின் ஈயக் குண்டு சுமார் 2.6 கிராம், பிஸ்டலிலிருந்து நொடிக்கு 300 மீட்டருக்கு நெருக்கமான வேகத்தில் புறப்படுகிறது. ஏர் பிஸ்டலின் பெல்லட் என்கிற சின்னக் குண்டு அரை கிராம். வேகமும் அதில் ஏறக்குறைய பாதிதான். எடையையும் வேகத்தையும் பெருக்கினால், ஏர் பிஸ்டலின் உதை இதில் பத்தில் ஒரு பங்கு. எனவே ஏர் பிஸ்டல் மட்டுமே சுடுகிறவருக்கு வலி வந்தால் உதையைக் குறை சொல்ல முடியாது. ஒரு கிலோவுக்குப் பக்கத்திலான எடையை நீட்டிய கையில் திரும்பத் திரும்பத் தூக்கும் விதத்தில்தான் கோளாறு. போட்டியில் 75 நிமிடத்தில் 60 முறை சுட வேண்டும். சரியாக அமையாமல் சுடாமலே இறக்கிய தடவைகள் அந்தக் கணக்கில் வராது.

பாயிண்ட் டூ டூவில் உதை உண்டு. குழல் கைக்கு மேலே இருப்பதால், உதை கையைப் பின்னால் தள்ளுவதோடு குழல் முனையை மேலே சுழற்றவும் பார்க்கிறது. அந்தச் சுழற்சிக்குக் கதவின் கீல்போல் அமைவது மணிக்கட்டு.

இனிச் செய்முறை. துப்பாக்கியைத் தொடும் முன் தோட்டா அறையும் குழலும் காலி என்று கண்ணால் பாருங்கள், பயிற்சியாளருக்கும் காட்டுங்கள். முனை எப்போதும் இலக்கின் பக்கமே இருக்க வேண்டும்.

படி 1: பிடியைப் பொருத்துதல்

இடக்கையால் குழலைத் தாங்கிக்கொண்டு, வலக்கையின் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட கவட்டைக் கைப்பிடியின் மேல் வளைவுக்குள் இடைவெளியில்லாமல் நுழைத்துவிடுங்கள். கை எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவுக்குக் குழல் கைக்கு நெருங்கும்; முனை துள்ளுவதும் குறையும். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் ஓட வேண்டும்.

இப்போது கண்ணை மூடிக்கொண்டு, காலிப் பிஸ்டலை இலக்கை நோக்கி உயர்த்தி, கண்ணைத் திறங்கள். குழல் முனையிலுள்ள முன்குறி, கண் பக்கமுள்ள பின்குறியின் வெட்டுக்கு நடுவில் நின்றால் பிடி சரி. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஒதுங்கி நின்றால், மணிக்கட்டை முறுக்கிச் சரிசெய்ய வேண்டாம். கைப்பிடியை உள்ளங்கைக்குள் சற்றுத் திருப்பி மறுபடி பிடியுங்கள். நான் மாதக்கணக்கில் முறுக்கியே சமாளித்தேன். முறுக்கிய மணிக்கட்டின் மேல் ஒவ்வொரு உதையும் சரியாக அதே தசைநாரில் போய் விழுந்தது. மரக் கைப்பிடி கைக்குப் பெரியதாக இருந்தால் உப்புத்தாளால் தேய்க்கலாம், சிறியதாக இருந்தால் மரப் புட்டி வைத்து நிரப்பலாம். கிளப்பின் துப்பாக்கியாக இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், திட்டு வாங்காதீர்கள்.

படி 2: எவ்வளவு இறுக்கம்

கை நடுங்கும் வரை இறுக்குங்கள். பிறகு நடுக்கம் நிற்கும் வரை மட்டும் தளர்த்துங்கள். அந்த இடத்தில் நிறுத்தி, அதே இறுக்கத்தைக் கடைசிக் குண்டு வரை வைத்திருங்கள். நடுவிரலும் மோதிரவிரலும் கைப்பிடியை நேர் பின்னால் இழுக்கட்டும். சுண்டுவிரல் சும்மா தொட்டிருந்தால் போதும். பெருவிரலால் அழுத்தவே கூடாது. அழுத்திப் பழகியவர்களுக்குப் பெருவிரல் அடியில், மணிக்கட்டின் ஓரமாக வலி தொடங்கும்.

படி 3: மணிக்கட்டைப் பூட்டுதல், முழங்கையை நீட்டுதல்

மணிக்கட்டு மேலும் கீழும் ஆடாமல் ஒரே கோணத்தில் நிற்கட்டும். முழங்கையை நேராக நீட்டுங்கள்; பின்பக்கம் வளையும் அளவுக்குத் திமிராக அல்ல. கோடு நேராக இருந்தால் உதை முன்கை வழியாகத் தோளுக்குப் போய்விடும்.

படி 4: உதையோடு சண்டை போடாதீர்கள்

என் வலியில் பெரும்பங்கு இங்கேதான் இருந்தது. விசை (ட்ரிக்கர்) விடுபடும் கணத்தை மனம் முன்கூட்டியே ஊகித்து, மேலே வரப்போகும் முனையைக் கீழே அழுத்தும். தசைகள் கீழே இழுக்கும் அதே கணத்தில் உதை மேலே தூக்கும். இரண்டுக்கும் நடுவில் அகப்படுவது தசைநார்.

உங்களுக்கு இந்தப் பழக்கம் இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. பயிற்சியாளரிடம் சொல்லி, உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத போலித் தோட்டாவைக் கலந்து போடச் சொல்லுங்கள். போலித் தோட்டாவுக்கு விசையை அழுத்தும்போது முனை "சடக்" என்று கீழே குனிந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனக்கு இலக்குக்கு முன்னால் இருக்கும் தரையையே வணங்குவதுபோல் குனிந்தது. பின்னால் நின்ற பள்ளி மாணவிகள் சிரித்தார்கள்.

மருந்து இதுதான். விசையை மெல்ல மெல்ல அழுத்துங்கள்; எப்போது விடுபடும் என்பதே தெரியக் கூடாது. முனை மேலே போகட்டும், விடுங்கள். மணிக்கட்டின் பூட்டும் பிடியின் இறுக்கமும் மாறாமல் இருந்தால் அது தானாகத் திரும்பி வரும். குறியைப் பார்த்தபடி இரண்டு நொடி நின்ற பிறகே கையை இறக்குங்கள். சத்தமும் இந்தக் குனிதலுக்குப் பாதிக் காரணம். செவியடைப்பானுக்கு மேல் செவிக்கவசமும் போட்டுப் பாருங்கள். தோட்டா இல்லாமல் விசை அழுத்திப் பழகுவதும் நல்லது. ஏர் பிஸ்டல்களில் பெரும்பாலும் அதற்கென்றே அமைப்பு இருக்கிறது. பாயிண்ட் டூ டூவில் தோட்டாவை அடிக்கும் ஊசி கெடக்கூடும் என்பதால் போலித் தோட்டா போட்டுத்தான் அழுத்த வேண்டும்.

படி 5: கையைத் தயார்செய்தல்

மார்கழிக் காலைப் பனியில் ஏற்காட்டிலிருந்து இறங்கி வரும் கை விறைத்திருக்கும். பத்து நிமிடம் விரல்களை மடக்கி நீட்டி, மணிக்கட்டைச் சுழற்றி, சூடேறிய பிறகே பிஸ்டலைத் தொடுங்கள்.

வீட்டில் வாரம் மூன்று நாள்: அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கி மிக மெதுவாக இறக்குங்கள். உள்ளங்கை மேல்நோக்கிப் பதினைந்து, கீழ்நோக்கிப் பதினைந்து. இன்னொன்று, வாளியில் அரிசியைக் கொட்டி அதற்குள் கையைப் புதைத்து விரல்களை விரிப்பது. சேலத்துக்காரன் என்பதால் நான் ஜவ்வரிசியில் செய்கிறேன். வீட்டில் அதை எடுத்துப் பாயசம் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் கடினம்.

படி 6: குறிப்பேடு

எத்தனை குண்டு, எந்த இடத்தில் வலி, எப்போது தொடங்கியது என்று எழுதுங்கள். புதிதாகப் பாயிண்ட் டூ டூவுக்கு வருகிறவர் முதல் மாதம் ஒரு நாளைக்கு முப்பது குண்டோடு நிறுத்தலாம். ஐந்து ஐந்தாகச் சுட்டு, இடையில் கையைத் தொங்கவிட்டு உதறுங்கள்.

என் குறிப்பேட்டில் ஓர் ஆச்சரியம் கிடைத்தது. சில ஞாயிறுகளில் "முதல் குண்டுக்கு முன்பே வலி" என்று எழுதியிருந்தேன். எல்லாமே மோட்டார் சைக்கிளில் வந்த நாள்கள். இருபது வளைவிலும் முன் பிரேக்கை நெரித்துப் பிடித்த கைதான் பிஸ்டலையும் பிடித்திருக்கிறது! பஸ்ஸில் வந்த ஞாயிறுகளில் அந்த வரியே இல்லை. மணிக்கணக்கில் குறடு பிடிக்கும் கொலுசுப் பட்டறைத் தொழிலாளிக்கும், நாள் முழுவதும் கணினி எலியை நகர்த்துகிறவருக்கும் இதே கதை இருக்கலாம். பயிற்சியை வேலைக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள்.

விரல் மரத்துப்போவது, இரவில் கூச்சம் எடுப்பது, வீக்கம், பெருவிரலை உள்ளே மடக்கிக் கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் சுரீர் என்று இழுப்பது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு சுடாதீர்கள். போகும்போது குறிப்பேட்டையும் கொண்டு செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு அதில் பதில் இருக்கும்.