கொண்டை ஊசியில் ஸ்டியரிங் முனகுதா? பம்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

நீலகிரியின் கேத்தியில் கேரட் மூட்டை ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் பிக்கப், குன்னூர் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஸ்டியரிங்கை ஓரம் வரை ஒடிக்க வேண்டியிருக்கிறது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் அது 36. இப்படி ஒடிக்கும்போதுதான் பவர் ஸ்டியரிங்கின் குறை முதலில் வாய் திறக்கும். சத்தம் கேட்டதும் 'பம்ப் போச்சு' என்று முடிவு கட்டுவது வழக்கம். ஆனால் பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கும், காற்று புகுந்திருக்கும், இல்லை பெல்ட் தளர்ந்திருக்கும். விலை அதிகமான பம்பைக் கடைசியில் சந்தேகப்பட்டால் போதும்.

இங்கே சொல்வதெல்லாம், இன்ஜின் பெல்ட்டில் சுழலும் பம்ப் அழுத்தித் தள்ளும் ஆயிலில் ஓடும் ஸ்டியரிங்குக்கு. பானெட்டைத் திறந்தால் தனியாக ஸ்டியரிங் ஆயில் டேங்க் இல்லையென்றால் அது மோட்டாரில் ஓடும் ஸ்டியரிங்காக இருக்கலாம். அதற்கு இந்த வைத்தியம் பொருந்தாது.

முதலில் சத்தத்தின் வகையைப் பிரியுங்கள். ஆக்சிலேட்டர் கொடுக்கக் கொடுக்க 'ஊய்ங்' என்று ஏறினால் பம்புக்கு ஆயில் சரியாகப் போகவில்லை. ஸ்டார்ட் செய்ததும், அல்லது ஓரம் வரை ஒடித்ததும் 'கிரீச்' என்றால் பெல்ட். முழுதாக ஒடித்துப் பிடிக்கும்போது மட்டும் 'உஸ்' என்று வந்தால் அது அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வு திறக்கும் சத்தம்; பழுது இல்லை, ஸ்டியரிங்கை விரலளவு திருப்பி விட்டால் நின்றுவிடும். பள்ளத்தில் 'டக் டக்' என்று தட்டினால் ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக லேசாக ஆட்ட, இன்னொருவர் டை ராட் எண்டிலும் (சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனை) ஸ்டியரிங் ராடின் கிராஸ் ஜாயிண்டிலும் (ராடு மடங்கும் மூட்டு) கை வைத்துப் பாருங்கள். ஆட்டம் எங்கே என்று விரல் சொல்லிவிடும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் முதல் சில நிமிடம் மட்டும் முனகி அடங்கினால் ஆயில் குளிரில் கெட்டியாகியிருக்கிறது. சூடான பிறகும் அடங்காவிட்டால்தான் தேட வேண்டும்.

டேங்க் மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் துணியால் துடையுங்கள். தோட்டத்துச் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் பம்பின் பிளேடைக் கீறும். ஸ்டியரிங்குக்கு ஊற்றும் நல்ல ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட்) ஆயில் சிவப்பாகக் கண்ணாடிபோல் இருக்கும். ரோஸ்மில்க் மாதிரி நுரைத்திருந்தால் காற்று. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் ஆயில் வெந்துவிட்டது. விரலில் தேய்த்து வெயிலில் காட்டும்போது ஜிகினாபோல் மின்னினால் உள்ளே இரும்பு தேய்கிறது. அப்போதுதான் பம்பின் மேல் சந்தேகம் நியாயம்.

காற்று புகுந்ததை உறுதி செய்ய ஒரு எளிய வழி: ஐட்லிங்கில் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொண்டு இன்ஜினை நிறுத்துங்கள். மட்டம் சட்டென்று அரை சென்டிமீட்டருக்கு மேல் எழும்பினால் உள்ளே காற்று இருக்கிறது. அது நுழையும் வழி பெரும்பாலும் டேங்கிலிருந்து பம்புக்கு வரும் தடித்த ஹோஸ். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆயில் சொட்டவில்லை, அதனால் லீக் இல்லை என்று விட்டுவிடுவார்கள். அந்த ஹோஸில் பம்ப் உறிஞ்சுகிறது. ஆயில் வெளியே வராமலே காற்று உள்ளே போகும். இன்ஜின் ஐட்லிங்கில் ஓட, கிளிப் இருக்கும் இடத்தில் அதே ஆயிலைக் கொஞ்சம் தடவுங்கள். முனகல் ஒரு கணம் குறைந்தால் திருடன் அங்கேதான். கிளிப்பை இறுக்கிப் பாருங்கள், ரப்பர் விறைத்திருந்தால் ஹோஸையே மாற்றுங்கள். கழுத்தில் சுற்றிய மஃப்ளரைக் கழற்றி வைத்துவிட்டுக் குனியுங்கள். ஓடும் பெல்ட்டுக்கு அது நல்ல தீனி.

பெல்ட்டை நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். சத்தம் வரும்போது பெல்ட் மேல் துளி தண்ணீர் தெளியுங்கள்: சத்தம் கூடினால் தளர்ச்சி, நின்று மறுபடி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரமான புல்லி கோணல்.

காற்றை எடுக்க, சமதளமான இடம் தேடுங்கள், மலையில் அதுவே பாதி வேலை. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாக 15, 20 முறை ஒடியுங்கள். மட்டம் இறங்க இறங்க ஊற்றுங்கள். குமிழி நின்ற பிறகு ஸ்டார்ட் செய்து ஐட்லிங்கில் மறுபடி ஒடியுங்கள். ஓரத்தில் 5 விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். அவசரப்பட்டு முதலிலேயே ஸ்டார்ட் செய்தால் பம்ப் காற்றையும் ஆயிலையும் சேர்த்துக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை அடங்க வண்டியைச் சில மணி நேரம் சும்மா நிறுத்த வேண்டியதுதான்.

ஆயில் கறுத்திருந்தால் 2 லிட்டர் வாங்குங்கள். எந்த கிரேடு என்று வண்டியின் கையேடு சொல்லும். பல பிக்கப்களுக்கு டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப். பிரேக் ஆயில் ஊற்றவே கூடாது, சீல் ஊதிப்போய் ஒழுக ஆரம்பிக்கும். ஆயில் டேங்குக்குத் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு கேனில் விட்டு, டேங்கில் அந்த ஹோஸ் மாட்டியிருந்த வாயை அடைத்து, சக்கரத்தைத் தூக்கிய நிலையில் இன்ஜின் ஓடாமல் ஒடித்தால் பழையது வெளியே வரும். தெளிந்த சிவப்பாக வரும்வரை மேலே புதிது ஊற்றிக்கொண்டே இருங்கள். டேங்கின் அடியில் வலை இருந்தால் அதையும் கழுவுங்கள். அது அடைத்திருந்தாலும் பம்ப் இதே முனகல்தான் முனகும். பழைய ஆயிலுக்கு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தேடாதீர்கள், நீலகிரியில் அதற்குத் தடை. காலி ஆயில் கேனிலேயே பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். ஓடையில் ஊற்றினால் கீழே இருக்கிறவர்கள் குடிக்கும் தண்ணீரில்தான் கலக்கும்.

இத்தனைக்கும் பிறகு முனகினால் பம்ப். புல்லியை புல்லர் (இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு எடுங்கள். சுத்தியலால் தட்டினால் ஷாஃப்ட்டும் பேரிங்கும் போகும். ஜிகினா கண்ட வண்டியில் ஹோஸ்களையும் டேங்கையும் கழுவாமல் புது பம்ப் போட்டால், அதே துகள் புது பம்பையும் தின்றுவிடும்.

இறக்கத்தில் இன்ஜினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கும். லோடு வண்டியின் ஸ்டியரிங் வளைவின் நடுவில் கல்லாகிவிடும், பிரேக்கும் கூடவே இறுகும். வேலை முடிந்த மறுநாள் காலை, வண்டி ஆறிய நிலையில் மட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு லோடு ஏற்றுங்கள்.