நிமோனியாவிலிருந்து தேறி நெல்லைக்கு வருகிறீர்களா?

நிமோனியா காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டுவிடும். சளி குறைய 4 வாரம், இருமலும் மூச்சிரைப்பும் அடங்க 6 வாரம், அசதி முழுதாகப் போக 6 மாதம்கூட ஆகலாம். டிக்கெட் போடுமுன் இதைக் கணக்கில் வைத்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடைக்கு நெல்லையப்பர் கோயிலைத்தான் சொல்வேன். சமதரை, நிழல், களைத்தால் தூணோரம் உட்காரலாம். சுவாமி கோயிலையும் காந்திமதி அம்மன் கோயிலையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தில் ஒருமுறை போய்த் திரும்பினால் முதல் நாளுக்குப் போதும். மறுநாள் உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தால் தூரத்தைக் கூட்டாதீர்கள். நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச வர வேண்டும். இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். கற்பூரப் புகைக்குத் தள்ளியே நில்லுங்கள்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு நாற்காலி போதும். தோளைத் தளர்த்தி, ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கால் இழுக்கும்போது வயிறு கையைத் தள்ள வேண்டும். உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இருமடங்கு நேரம் விடுங்கள். கொஞ்சம் நிதானமானதும் ஆழமாக மூன்று நான்கு மூச்சு, ஒவ்வொன்றையும் 3 விநாடி நிறுத்தி. அப்புறம் வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் ‘ஹா’ என்று ஒன்றிரண்டு தடவை. அடியில் கிடக்கும் சளி மேலே வரும், துப்பிவிடுங்கள். தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டியதுதான். மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் கபாலபாதி செய்யச் சொல்லி எப்படியும் ஒரு மாமா வருவார். சரி சரி என்று கேட்டுக்கொள்ளுங்கள், இப்போதைக்குச் செய்ய வேண்டாம்.

வீட்டில்தான் சிக்கல். சாயங்காலம் ஆச்சி சாம்பிராணி போடுவாள், ராத்திரி கொசுவத்தி எரியும். “ஆச்சி, புகை மட்டும் நெஞ்சுக்கு ஆகாது” என்று முதல் நாளே சொல்லி, கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் மணிக்கணக்கில் பேசுவதும் வேலைதான். மதியம் கதவைச் சாத்திப் படுங்கள், யார் கோபித்தாலும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலம் சீசன். சாரலை ரசிக்கலாம், ஆனால் கூட்டத்தில் நெருக்கியடித்து அருவிக்கடியில் போய் நெஞ்சைக் கொடுக்காதீர்கள்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், காய்ச்சல் திரும்பினால், சளியில் ரத்தம் வந்தால் பயிற்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். உதடு நீலம் பூத்தாலோ விரலில் மாட்டி ரத்த ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 92 சதவீதத்துக்குக் கீழே காட்டினாலோ 108-ஐ அழையுங்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியையும் எக்ஸ்ரேயையும் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே வையுங்கள். 50 வயதைத் தாண்டியவர்களும் புகைபிடிப்பவர்களும், 6 வாரம் கழித்து எடுக்க வேண்டிய மறு எக்ஸ்ரேயைப் பயணத்தைக் காட்டித் தள்ளிப்போட வேண்டாம்.