சிங்கப்பூரில் வீடு மாறுகிறீர்களா? முதல் இரவிலிருந்து தொடங்குங்கள்

வீடு மாறப் போகிறோம் என்றதும் எல்லாரும் அட்டைப் பெட்டிதான் தேடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். புது வீட்டில் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு என்னென்ன தயாராக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். விளக்கு எரிய வேண்டும். குழாயில் தண்ணீர் வர வேண்டும். குளித்துவிட்டு வந்தால் மாற்றுத் துணி கைக்கு எட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு மெத்தை விரித்திருக்க வேண்டும். காப்பி போட அடுப்பு பற்ற வேண்டும். இந்த ஐந்தும் நடக்க எதை எப்போது செய்ய வேண்டும் என்று அங்கிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வாருங்கள். எனக்கு இது புரிவதற்குள் மூன்று வீடு மாறிவிட்டேன். நீங்கள் முதல் தடவையே நிம்மதியாக மாற வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு வாரம் முன்பு: தேதியும் லாரியும்

தேதி குறிக்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் ஆடியும் மார்கழியும் வேண்டாம் என்பார்கள். அதோடு இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய வாரங்களில் வீடு மாற்றித் தரும் நிறுவனங்களுக்கு வேலை குவிந்துவிடும், நினைத்த நாளில் லாரி கிடைப்பது கடினம். சீனர்களில் பலர் தங்கள் ஏழாம் மாதத்தில் வீடு மாறுவதைத் தவிர்ப்பார்கள். உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் அப்போது நாள் எளிதாக அமையும்.

ராகு காலம் பார்ப்பவர்கள் சென்னையில் அச்சான காலண்டரை அப்படியே நம்ப வேண்டாம். அதில் உள்ள நேரம் ஆறு மணிச் சூரிய உதயத்தை வைத்துப் போட்டது. சிங்கப்பூரில் சூரியன் உதிப்பது ஏழு மணியை ஒட்டி. சிங்கப்பூருக்குக் கணித்த பஞ்சாங்கத்தைப் பாருங்கள், அல்லது கோயிலில் குருக்களிடம் கேளுங்கள்.

இதில் என் கருத்து ஒன்று உண்டு: பால் காய்ச்சும் நாளும் லாரி வரும் நாளும் ஒன்றாக இருக்கக் கூடாது. சாவி வாங்கியதும் நல்ல நாள் பார்த்து, சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி, பால் பாத்திரம் இவற்றை மட்டும் கொண்டுபோய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்துவிடுங்கள். லாரி நாளில் நல்ல நேரத்தையும் பிடிக்க வேண்டும் என்று ஓடினால் இரண்டையும் நிதானமாகச் செய்ய முடியாது.

லாரிக்குக் காலை நேரத்தையே கேளுங்கள். இங்கே பல மாதங்களில் இடியும் மழையும் மதியத்துக்கு மேல்தான் பிடித்துக்கொள்ளும். சுமத்ரா பக்கமிருந்து வரும் காற்று மழை விடியற்காலையிலும் அடிக்கும் என்பதால், மெத்தைக்கும் சோபாவுக்கும் பிளாஸ்டிக் உறை போடுவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வார நாளில் ஒன்பதரை மணிக்குத் தொடங்குவது எனக்கு ஒத்துவந்தது. பள்ளிக்கும் வேலைக்கும் போகிறவர்கள் கிளம்பிய பிறகு மின்தூக்கி நம் கையில் இருக்கும்.

தொலைபேசியில் மட்டும் பேசி விலையை முடிக்காதீர்கள். ஒவ்வோர் அறையையும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்து வீடியோ எடுத்து அனுப்புங்கள். 10 அடி, 14 அடி, 24 அடி லாரி என்று பேசுவார்கள். எது போதும் என்பதை அந்த வீடியோவைப் பார்த்து அவர்களே சொல்லட்டும். கட்டிலையும் அலமாரியையும் பிரித்து மறுபடி பூட்டித் தருவது விலையில் அடக்கமா, பெட்டிகள் தருவார்களா, மின்தூக்கி நிற்காத மாடி என்றால் படிக்கட்டுக்குத் தனிக் காசா, பொருள் உடைந்தால் என்ன செய்வார்கள், இதையெல்லாம் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள்.

கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீட்டுக்குப் போகிறவர்கள் நிர்வாக அலுவலகத்தில் முன்கூட்டியே படிவம் கொடுக்க வேண்டியிருக்கும். முன்பணம் கேட்பார்கள், ஞாயிற்றுக்கிழமை அனுமதிக்காத இடங்களும் உண்டு. தேதியை உறுதிசெய்வதற்கு முன் அவர்களைக் கேளுங்கள்.

மூன்று வாரம் முன்பு: மின்சாரம், எரிவாயு, இணையம்

மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் எஸ்பி குழுமத்தில் புது வீட்டுக்குக் கணக்குத் தொடங்க வேண்டும், பழைய வீட்டுக் கணக்கை மூட வேண்டும். இரண்டையும் இணையத்திலேயே செய்யலாம். பழைய கணக்கை லாரி வரும் நாளோடு மூடிவிடாதீர்கள். பெருக்கித் துடைத்துச் சாவி கொடுக்கும் நாள்வரை மின்சாரம் வேண்டும்.

குழாய் எரிவாயு தனி வேலை. சிட்டி எனர்ஜி ஆள் வந்து சோதித்துத் திறந்துவிட வேண்டும், அதற்கு நாள் குறிக்க வேண்டும், நீங்களும் வீட்டில் இருக்க வேண்டும். பொங்கோலுக்கு மாறியபோது இதை நான் மறந்துவிட்டேன். பால் காய்ச்ச அதிகாலையில் மாமியார், நாத்தனார் எல்லாரும் வந்து நிற்கிறார்கள், அடுப்பு பற்றவில்லை. எதிர்வீட்டு மலாய் மக்சிக் (மூத்த பெண்களை மலாயில் இப்படித்தான் அழைப்பார்கள்) தன் மின்சார அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பால் பொங்கியது. அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன். ஆனால் எல்லாருக்கும் எதிர்வீட்டில் அப்படி ஒருவர் அமைவார் என்று சொல்ல முடியாது. பால் காய்ச்சும் நாளுக்கு முன்பே எரிவாயு வந்துவிட்டதா என்று பாருங்கள், வராவிட்டால் மின்சார அடுப்பு ஒன்றை எடுத்துப் போங்கள்.

இன்னொன்று. சிலிண்டருக்கு வாங்கிய அடுப்பை அப்படியே குழாய் எரிவாயுவில் இணைக்கக் கூடாது. இரண்டும் வேறு வாயு, அடுப்பின் துளை அளவும் வேறு. மாற்றித் தர முடியுமா என்று அடுப்புக் கடைக்காரரிடம் கேளுங்கள். சிலிண்டரை லாரியில் ஏற்ற வேண்டாம், எரிவாயு போடுபவரிடம் சொல்லித் திரும்ப எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இணையத்தை மாற்றுவதற்கும் இப்போதே நாள் குறித்துவிடுங்கள்.

வேண்டாததைக் கழிப்பது

எடுத்துப் போகாத பொருளுக்குப் பெட்டியும் வேண்டாம், லாரியும் வேண்டாம். பெரிய பொருள்களை அகற்றப் பெரும்பாலான நகர மன்றங்களில் இலவச சேவை உண்டு, மாதத்துக்கு இத்தனை என்று கணக்கும் உண்டு. உங்கள் நகர மன்றத்துக்கு முன்னதாக அழைத்து நாள் வாங்குங்கள். பழைய மெத்தையை மின்தூக்கி வாசலில் சாய்த்துவிட்டுப் போவது தப்பு, தீப்பிடித்தால் ஆபத்து. பெட்டிகளையும் நடைபாதையில் அடுக்க வேண்டாம். அங்கே குறைந்தது 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது விதி.

புதுக் குளிர்பெட்டியோ சலவை இயந்திரமோ வாங்குகிறீர்கள் என்றால், அதைக் கொண்டுவரும்போதே பழையதை ஒன்றுக்கு ஒன்று இலவசமாக எடுத்துப் போகச் சொல்லலாம். 2021 ஜூலையில் தொடங்கிய மின்கழிவுத் திட்டத்தில் விற்கும் கடைகளுக்கு இது கடமை.

பெட்டி கட்டுவது

ஒரு நாளைக்கு ஓர் அலமாரி என்று வைத்துக்கொண்டால் போதும். புத்தகத்துக்குச் சின்னப் பெட்டி, துணிக்கும் தலையணைக்கும் பெரிய பெட்டி. பெட்டியின் மேலே எழுதாதீர்கள், பக்கவாட்டில் எழுதுங்கள். ஒன்றன் மேல் ஒன்று அடுக்கிய பிறகும் படிக்க முடியும். 'சமையல்' என்று மட்டும் எழுதினால் போதாது. புது வீட்டில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எழுதுங்கள்.

நம் சமையலறைதான் எல்லாவற்றிலும் பெரிய வேலை, அதனால் அதற்கு முழுதாக இரண்டு நாள் ஒதுக்குங்கள். கிரைண்டரில் கல்லை வெளியே எடுத்துத் துண்டில் சுற்றித் தனியாக வையுங்கள். பாத்திரத்துக்குள் கல் இருக்கும்போதே தூக்கினால் பாத்திரமும் அடிபடும், தூக்குபவர் முதுகும் போகும். எங்களுக்கு உதவ வந்த புதுக்கோட்டைத் தம்பிதான் இதைச் சொல்லிக்கொடுத்தார். "அக்கா, கல்லை முதல்ல கையில கொடுங்க, மிச்சத்த அப்புறம் பாக்கலாம்" என்றார். குத்துவிளக்கைக் கழற்றி ஒவ்வொரு தட்டையும் பழைய வேட்டியில் சுற்றுங்கள். ஊறுகாய் ஜாடி வாயில் பிளாஸ்டிக் உறை கட்டி மூடியைத் திருகுங்கள். திறந்த எண்ணெய்ப் புட்டி, பாதி நெய் இவற்றை முந்தைய வாரமே சமைத்துத் தீர்த்துவிடுவது நல்லது. மாவு ஆட்டுவதையும் அந்த வாரம் நிறுத்திக்கொள்ளுங்கள். எவர்சில்வர் அடுக்குகளுக்குள் மசாலாப் பொட்டலங்களை வைத்துக் கட்டினால் இடம் மிச்சமாகும்.

கட்டில், சோபா, குளிர்பெட்டி மூன்றையும் அளந்து, புது வீட்டுக் கதவு, இரும்புக் கேட், மின்தூக்கியின் உள் உயரம் இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

முந்தைய நாள்

குளிர்பெட்டியைக் காலி செய்து, அணைத்து, உறைபனி உருகித் தண்ணீர் வடியவிடுங்கள். முன்பக்கக் கதவுள்ள சலவை இயந்திரத்துக்கு, வாங்கும்போது கொடுத்த போல்ட்டுகள் இருந்தால் பின்னால் மாட்டிவிடுங்கள். உள்ளே உருளை ஆடாமல் இருக்கும்.

அப்புறம் முதல் இரவுப் பெட்டி. ஆளுக்கு ஒரு செட் துணி, துண்டு, சோப்பு, போர்வை, மருந்து, கைபேசி சார்ஜர், கத்தரிக்கோல், மின்விளக்கு ஒன்று, காப்பித்தூள், சர்க்கரை, பால் பாத்திரம், நாலு தம்ளர். இது கடைசியாக ஏறி முதலில் இறங்க வேண்டும். அடையாள அட்டை, கடப்பிதழ், நகை, வீட்டுப் பத்திரம் லாரியில் ஏறவே கூடாது, உங்கள் தோள்பையிலேயே இருக்கட்டும்.

அந்த நாள்

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பழைய வீட்டில் நின்று ஏற்றுவதைப் பார்க்க, இன்னொருவர் புது வீட்டு வாசலில் நின்று எது எந்த அறை என்று சொல்ல. சின்னப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டில் விட்டுவிடுங்கள். பல மாடிக் கார் நிறுத்தத்துக்குள் லாரி போகாது. புளோக்குக்குக் கீழே எங்கே நிறுத்துவது என்று ஓட்டுநருக்கு முன்பே படம் எடுத்து அனுப்புங்கள்.

புது வீட்டில் சேமிப்பு அறையாக இருக்கும் பாம் ஷெல்டரைக் காலையில் பூட்டி வைக்கத் தோன்றும். திறந்தே வையுங்கள். எந்த அறைக்கு என்று தெரியாத பெட்டிகள் எல்லாம் அங்கே போகட்டும், கூடத்தில் நடக்க வழி இருக்கும்.

தூக்கும் ஆட்களுக்குக் குளிர்ந்த தண்ணீர் நிறைய வாங்கி வையுங்கள், மதியச் சாப்பாடும் அவர்களுக்குச் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த வெயிலில் அவர்கள் தூக்குவது நம் குடும்பத்தின் மொத்தச் சுமை. கிளம்பும் முன் பழைய வீட்டில் அலமாரிக்கு மேலே, கதவுக்குப் பின்னால், துணி காயவைக்கும் கம்பியில் ஒரு முறை பாருங்கள். கறிவேப்பிலைச் செடியை மறந்துவிடாதீர்கள்.

இறங்கியதும் முதலில் பூட்ட வேண்டியது கட்டிலை. குளிர்பெட்டியைச் சில மணி நேரம் நிமிர்த்தி வைத்த பிறகு போடுங்கள்.

அடுத்த சில நாள்கள்

புது முகவரியை 28 நாளுக்குள் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னியல் அடையாளத்தை வைத்து இணையத்திலேயே செய்யலாம். உறுதிப்படுத்தும் எண் புது முகவரிக்குத் தபாலில்தான் வரும், அதனால் வீட்டுச் சாவியோடு தபால் பெட்டிச் சாவியையும் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வங்கிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் நீங்களே தனியாகச் சொல்லிவிடுங்கள்.