தேயிலைத் தோட்டத்தில் கச்சேரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரித் தோட்டங்களுக்குக் கர்நாடக இசையைக் கொண்டுசெல்ல முன்வருவோர் பலர், நகரத்துச் சபாவின் மாலை ஆறரை மணியையும் சேர்த்தே மலைக்கு ஏற்றிவிடுகிறார்கள். கூடலூரை ஒட்டிய பந்தலூர், ஓவேலிப் பகுதிகளில் இருட்டியபின் யானை நடமாட்டம் உண்டு என்பதால், செடிகளுக்கிடையே நடந்து லைன் வீடு எனப்படும் தொழிலாளர் குடியிருப்புக்குத் திரும்ப வேண்டியவர்கள் எவ்வளவு பெரிய வித்துவான் பாடினாலும் பாதியில் எழுந்துதான் போவார்கள். அதை ரசனைக் குறைவு என்பது அநியாயம். வேலை நாள்களில் பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிக்கவே மாலையாகிவிடும். ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி, ஐந்தரைக்குள் மங்களம் பாடிவிடுவதே உசிதம். கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. தகரக் கூரையில் மழை அறையும்போது வயலின் கேட்காது.

அடுத்த தவறு வாத்தியங்களைப் பற்றியது. பனிமூட்டத்தின் ஈரத்தை மிருதங்கத்தின் தோல் உறிஞ்சித் தளரும். அதன் வலப்பக்கமான வலந்தலையின் சுருதி இறங்கும். அவசரத்தில் அடுப்பருகே வைத்துக் காயவிட்டால் தோல் ஒரே சீராக இறுகாது, வலந்தலையின் நடுவிலுள்ள கரும்பூச்சான கரணையும் வெடிக்கக்கூடும். கச்சேரிக்கு ஒரு மணி நேரம் முன்பே வாத்தியத்தை உறையிலிருந்து எடுத்து அரங்கிலேயே வைத்து, அந்தக் காற்றுக்குப் பழகிய பிறகு கல்லால் தட்டிச் சுருதி சேர்ப்பது நல்லது. மின்சாரத்தை நம்பிச் சுருதிப் பெட்டியோடு மட்டும் வருவது இன்னொரு அசட்டுத் துணிச்சல். தம்புராவும் கூட வரட்டும்.

'அவர்களுக்குப் புரியாது' என்று துக்கடாக்களை, அதாவது கச்சேரியின் கடைசியில் வரும் சிறு உருப்படிகளை மட்டும் பாடிவிட்டுப் போவதுதான் எனக்கு மிகவும் உறுத்துவது. மாரியம்மன் திருவிழாவில் நாகசுரமும் தவிலும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ராக ஆலாபனை அந்நியமல்ல. அதைப் பத்து நிமிடத்தில் செறிவாகப் பாடினால் போதும். தெலுங்குக் கீர்த்தனையானால், பொருளை இரண்டு வாக்கியத்தில் தமிழில் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தைச் சுருக்கத் தேவையே இல்லை. குழந்தைகள் கண்கொட்டாமல் பார்ப்பது அதைத்தான். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலும் சற்றுச் சேர்த்தால் தாங்களும் சொல்லிப் பார்ப்பார்கள். அருணகிரிநாதரின் திருப்புகழ்ச் சந்தங்களும் அவ்வாறே பிடித்துக்கொள்ளும்.

நீலகிரியின் பழங்குடியினரான கோத்தர்களுக்குக் கொள் என்னும் குழலும் தப்பட்டையும் கொம்பும் கொண்ட தனி இசை மரபு உண்டு. அவர்களை அழைத்து, குத்துவிளக்கு ஏற்றும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும் வாசிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொள்வதைத் தவிர்க்கவும். அழைத்தால் முழு நிகழ்ச்சிக்கான நேரமும், மலையேறி வந்த வித்துவானுக்கு ஈடான சன்மானமும் கொடுக்கவும்; அதற்கு வழியில்லை என்றால், அவர்கள் பெயரை அழைப்பிதழில் போடாமல் இருப்பதே நாணயம்.