கடலில் எண்ணெய் கண்டால் கணக்கெடுத்து வையுங்கள்

விடியற்காலை திருகோணமலை உப்புவெளியிலிருந்து போட்டில் போகிறீர்கள், தண்ணீர்மேல் ஏதோ நிறம் நிறமாக மினுங்குகிறது, டீசல் மணமும் வருகிறது. உடனே கரைக்கு அறிவியுங்கள், சரி, ஆனால் அதோடு திரும்பிவிடாதீர்கள். எவ்வளவு எண்ணெய் என்று அங்கேயே நின்று கணக்கெடுங்கள். சிந்தியவர்கள் குறைத்துச் சொல்லத்தான் பார்ப்பார்கள். 2010-இல் மெக்சிகோ வளைகுடாவில் பிபி கம்பனியின் கிணறு வெடித்தபோது முதலில் வெளியே வந்த கணக்கு நாளைக்கு 1,000 பீப்பாய்; விஞ்ஞானிகள் பிறகு கணக்கிட்டதோ 50,000-க்கும் மேல். அளவு விஷயத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்திடம் உண்மையை மறைத்த குற்றத்தை 2012-இல் அந்தக் கம்பனியே ஒப்புக்கொண்டது.

நிறத்தை வைத்தே அளவு சொல்லலாம், கசிவைத் தேடிப் பறக்கும் விமானங்களிலும் இதே முறைதான். வெள்ளி மாதிரி வெளிறிய மினுக்கம் என்றால் சதுர கிலோமீற்றருக்கு 40 முதல் 300 லீற்றர். வானவில் நிறம் என்றால் 300 முதல் 5,000. நிறமெல்லாம் போய் உலோகத் தகடு மாதிரிக் கிடந்தால் 5,000-க்கு மேல், 50,000 வரை போகும். ஃபோனில் ஜிபிஎஸ் போட்டு, படலத்தைக் கிழிக்காமல் ஓரமாக ஓட்டி நீளம் அகலம் பாருங்கள். 2 கிலோமீற்றர் நீளம், 200 மீற்றர் அகலம், முழுக்க வானவில் நிறம்: 120 முதல் 2,000 லீற்றர். இடைவெளி பெரிதுதான், இருந்தாலும் 'ஒரு வாளிதான் கொட்டியது' என்று யாராவது சொன்னால் அந்த 120 போதும்.

கண்ணாடிப் போத்தல் இரண்டு போட்டில் எப்போதும் இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். எஞ்சினை நிறுத்தி அணியப் பக்கமாக, அதாவது போட்டின் முன்பக்கமாக எடுங்கள், இல்லாவிட்டால் உங்கள் எண்ணெயே உள்ளே வந்துவிடும். வாயைச் சரித்து மேற்படலத்தோடு பிடித்தால் தண்ணீர் குறைவாகவும் எண்ணெய் கூடவும் வரும். மூடிக்கு அடியில் அலுமினியத் தாள் வைத்து மூடி, நேரமும் இடமும் எழுதி ஒட்டி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு, எந்தக் கப்பலில் இருந்து வந்தது என்று ஆய்வுகூடத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காற்று கச்சானா வாடையா, எவ்வளவு வேகம் என்றும் குறியுங்கள். காற்றின் வேகத்தில் கிட்டத்தட்ட 3 வீதத்தில் எண்ணெய் நகரும், நீரோட்டத்தையும் சேர்த்துப் பின்னோக்கிப் பார்த்தால் புறப்பட்ட இடம் பிடிபடும்.

அப்புறம், கரையில் யாராவது சோப்புத்தூள் கரைத்து ஊற்றப் பார்த்தால் விடாதீர்கள். கண்ணுக்கு மறைகிற எண்ணெய் துளித்துளியாகக் கீழே இறங்கும், பக்கத்துப் புறாமலைத் தீவின் பவளப்பாறைக்கு அது நேரடி அடி. மீன் முட்டையும் குஞ்சும் பெரும்பாலும் மிதப்பதே மேல்தண்ணீரில்தான், ஆமையும் மூச்செடுக்க அந்தப் படலத்துக்குள்தான் தலையைத் தூக்க வேண்டும், பாவம். எண்ணெய் பூசிய ஆமை கரைக்கு வந்தால் திரும்பக் கடலில் தள்ளாமல், மூக்கை விட்டு ஈரத்துணி போர்த்தி, நிழலில் வைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள்.

கணக்கு எழுதிய தாளைக் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபைக்குக் கொடுக்கும்போது ஒரு போத்தலை மட்டும் கொடுங்கள், மற்றது உங்கள் வீட்டு ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.