மெத்தைக்கடியில் வைக்கும் தூக்க உணரி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் நுவரெலியாவிலோ அட்டனிலோ வசிக்கும் வயதான தாய்க்கு, வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் மெத்தைக்கடியில் வைக்கும் தூக்க உணரியை வாங்கிக் கொடுப்பதில் அக்கறை இருக்கிறது. ஆனால் அக்கருவி இலேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்னும் தூக்க நிலைகளை நேரடியாக அளக்கிறது என்று நம்புவதே அடிப்படைத் தவறாகும். வைத்தியசாலைப் பரிசோதனையில் மூளையின் மின்னலைகள், கண்ணசைவு, தாடைத் தசையின் இறுக்கம் ஆகியவற்றைப் பதிந்து, 30 வினாடித் துண்டுகளாகப் பிரித்தே நிலைகளைத் தீர்மானிக்கிறார்கள். கட்டில் உணரிக்குக் கிடைப்பவையோ இதயத்துடிப்பால் உடலில் எழும் நுண்ணிய அதிர்வும், மூச்சின் ஏற்ற இறக்கமும், புரளலும் மட்டுமே. ஆழ்ந்த தூக்கத்தில் மூச்சு சீராகும், கனவுத் தூக்கத்தில் ஒழுங்கு குலையும் என்பதைக் கொண்டு அது ஊகிக்கிறது. ஆகவே இதயத்துடிப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்களிடமும், துடிப்பு ஒழுங்கற்றவர்களிடமும் அந்த ஊகம் பிழைக்கக்கூடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வேறொன்று. தூக்கம் வராமல் கம்பளிக்குள் அசையாது படுத்திருப்பவரை இக்கருவிகள் பெரும்பாலும் இலேசான தூக்கத்தில் இருப்பவராகவே கணக்கிடுகின்றன. விடிய விடிய விழித்திருந்த அம்மாவிடம், கைத்தொலைபேசியைப் பார்த்துவிட்டு, "ஏழு மணித்தியாலம் தூங்கியிருக்கீங்களே அம்மா" என்று சொல்வது அவருடைய வேதனையையே மறுப்பதாகும். அவர் சொல்வதும் கருவி சொல்வதும் முரண்பட்டால், முதலில் அவரை நம்ப வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயன் அறைகளில் பாட்டியும் பேரப்பிள்ளையும் ஒரே கட்டிலில் படுப்பது வழக்கம். அப்போது ஒருவரின் புரளல் பலகை வழியே மற்றவரின் பதிவிலும் கலந்துவிடும் என்பதால், இருவர் படுக்கும் இரவுகளின் நிலைக் கணக்கைப் பொருட்படுத்தாதிருப்பதே நல்லது. உணரியைத் தலையணைக்குக் கீழே செருகாமல், கருவியின் குறிப்பேட்டில் சொன்னபடி, பொதுவாக மார்புக்கு நேரே, மடிப்பின்றி விரிக்க வேண்டும்.

ஓரிரவின் வரைபடத்தைக் கண்டு பதறுவதும் தவறே. ஆழ்ந்த தூக்கம் வயதோடு குறைவது இயல்பு. அது இரவின் முற்பகுதியிலும், கனவுத் தூக்கம் பிற்பகுதியிலும் கூடுதலாக வரும். அதனால் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பெயர் பதியும் இடத்துக்கு, போவதற்காக இருட்டோடு எழுந்து சமைப்பவர் இழப்பது பெரும்பாலும் கனவுத் தூக்கத்தையே. அதற்கு எந்தக் கருவியும் பரிகாரமல்ல. உரத்த குறட்டை, இடையிடையே மூச்சுத் தடைப்படுதல், பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகியவை இருந்தால், உணரி நல்ல மதிப்பெண் தந்தாலும் தாமதியாமல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.